பல நாள் திறந்தவெளி இசை விழாவுக்குச் செல்வோர் கவனத்துக்கு

பல நாள் நீளும் இசை விழாவில் முதலில் காக்க வேண்டியவை காதுகளே. 85 டெசிபல் ஒலியை 8 மணி நேரம் கேட்கலாம் என்று வகுக்கும் அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் அளவுகோல், ஒலி 3 டெசிபல் கூடுந்தோறும் அந்நேரத்தைப் பாதியாக்குவதால், மேடையருகே எளிதில் எட்டும் 100 டெசிபலில் வரம்பு 15 நிமிடங்களிலேயே முடிந்துவிடும். ஆகவே நுரைக் காதடைப்பானை விரல்களால் மெல்லிதாக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து உள்ளே செருகி, அது விரியும்வரை விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். மேலோட்டமாகச் செருகினால் பயன் மிகக் குறைவே.

கூடாரத்தைத் தண்ணீர் தேங்கும் பள்ளத்தைத் தவிர்த்துச் சற்று மேடான இடத்தில் அமையுங்கள். எல்லாவற்றையும் கேட்டுவிடும் ஆசை இயல்பானதே. ஆனாலும் நாளொன்றுக்குச் சில கச்சேரிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, இடையில் நிழலில் அமர்ந்து நீர் அருந்துங்கள். பெருங்கூட்டத்தில் கைப்பேசி இணைப்பு திணறும் என்பதால், நண்பர்களைச் சந்திக்கும் இடத்தை முன்பே பேசி வையுங்கள்.