பைபாஸ் செய்தவர்கள் ஆஸ்பிரினைத் தாங்களாக நிறுத்தக் கூடாது

இதய பைபாஸில் காலிலிருந்து எடுத்துத் தைத்த சிரைக்கு (இதயத்துக்கு ரத்தம் திரும்பும் குழாய்) தமனியின் (இதயத்திலிருந்து ரத்தம் போகும் குழாய்) அழுத்தம் புதுசு. அதன் உள்சுவரில் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஒட்டி, முதல் மாதத்திலேயே அடைத்துவிடலாம். அதைத் தடுக்கத்தான் தினம் 75 அல்லது 150 மி.கி. ஆஸ்பிரின், பெரும்பாலும் ஆயுள் முழுக்க.

வேலூரில் ஆபரேஷன் முடித்து குடியாத்தம், ஆம்பூர் என ஊர் திரும்பியவர்கள் பல் பிடுங்கும்போது கோட்டை விடுவதுண்டு. "ரத்தம் நிக்காது" என்று யாரோ சொல்ல, மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். பல் டாக்டரிடம் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டுங்கள். ஆஸ்பிரினோடே பிடுங்கலாம், பஞ்சை அழுத்திக் கடித்தால் பெரும்பாலும் ரத்தம் நின்றுவிடும். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் இன்னொரு மாத்திரையான குளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறீர்களா? இதய டாக்டரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

மூட்டுவலிக்குக் கடையில் ஐபுபுரூஃபன் வாங்காதீர்கள், ஆஸ்பிரினின் வேலையையே கெடுக்கும். மறந்த மாத்திரைக்கு மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். மலம் தார் போலக் கறுத்தால் வயிற்றில் ரத்தக் கசிவு இருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரி.