இஞ்சியின் ஐரோப்பியப் பெயர்கள்: வேர் தேடும்போது வழுக்கும் இடங்கள்

ஆங்கில ஜிஞ்சர், இத்தாலிய ஸென்ஸெரோ, ருஷ்ய இம்பீர், ஜெர்மன் இங்வர் எல்லாம் ஒரே சொல்லின் கிளைகள். அந்தச் சொல் திராவிட மொழிப் பக்கமிருந்து கிளம்பியது என்பதைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கிறார்கள். முடிவு சரிதான், அதற்கு நம்மவர்கள் காட்டும் சான்றுதான் அடிக்கடி பிழையாகிறது.

பெரிய பிழை, இன்றைய வடிவங்களை ஒப்பிடுவது. ‘இங்வர்’ என்பதையும் ஃபின்னிய ‘இங்கிவேரி’யையும் ‘இஞ்சிவேர்’ பக்கத்தில் வைத்ததும், தமிழிலிருந்து நேரே போனது என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் பழைய ஜெர்மனில் அது ‘கிங்கிபெரோ’. முதல் மெய் பின்னால் ஜெர்மன் மண்ணிலேயே உதிர்ந்தது. ஃபின்னியர் ஸ்வீடிஷிலிருந்து வாங்கினார்கள். ஸ்வீடிஷுக்கு அது வந்ததும் ஜெர்மன் வழிதான். ஆக, தொடக்கத்து ‘இ’ ஒத்துப்போவது தற்செயல்.

உண்மையான வழி வேறு. லத்தீன் ‘ஸிங்கிபெர்’, அதற்கு முன் கிரேக்க ‘ஸிங்கிபெரிஸ்’, அதற்கும் முன் பாலி மொழியில் உள்ள ‘சிங்கிவேர’ போன்றதொரு வடிவம். அந்தச் சகரம் தமிழில் எங்கே? இதைக் கேட்காமல் நகரக் கூடாது. தென் திராவிட மொழிகளில் சொல்முதல் சகரம் பல இடங்களில் மறைந்திருக்கிறது: நாம் ‘ஆறு’ என்னும் எண், மத்திய இந்தியத் திராவிட மொழியான கோண்டியில் ‘சாருங்’. இஞ்சியும் அப்படி முதலெழுத்தை இழந்த சொல் என்பதே மொழியியலாளர் தரும் விளக்கம். இந்த ஒரு கண்ணியை விட்டால் வாதம் நிற்காது.

சமஸ்கிருத ‘சிருங்கவேர’த்தை வைத்து, ‘கொம்பு போன்ற உடல்’ என்பதே மூலப்பொருள் என்பார்கள். இஞ்சியின் கிளைத்த உருவத்துக்கு அது பொருந்துவதால்தான் நம்பத் தோன்றுகிறது. வெளியிலிருந்து வந்த சொல்லுக்குப் பொருள் தெரிய வேண்டி, கொம்பைக் குறிக்கும் ‘சிருங்க’த்தை ஏற்றி உருவம் திருத்தியது இது.

ஆங்கிலத்துக்குள்ளும் இதே விபத்து உண்டு. இஞ்சிக் கேக்கைக் குறிக்கும் ‘ஜிஞ்சர்பிரெட்’ என்ற சொல்லின் மூலத்தில் ரொட்டியே கிடையாது, பழைய பிரெஞ்சில் ‘ஜிஞ்செப்ராஸ்’ என்றால் பாகில் பதப்படுத்திய இஞ்சி, அதன் கடைசி அசையை ஆங்கிலேயர் ‘பிரெட்’ ஆக்கிக்கொண்டார்கள். கேக்கைக் குறித்தது பிறகுதான். பதமாக, மெல்ல என்று பொருள்படும் ‘ஜிஞ்சர்லி’க்கோ இஞ்சியோடு உறவே இல்லை. மென்மையான, நளினமான என்று பொருள் தரும் பழைய பிரெஞ்சுச் சொல் ஒன்றிலிருந்து அது வந்திருக்கலாம் என்கின்றன அகராதிகள்.

எனவே எழுத உட்காரும்போது, ஒவ்வொரு மொழியிலும் கிடைக்கும் மிகப் பழைய வடிவத்தை நூற்றாண்டோடு குறித்துக்கொள்ளுங்கள். முதல் மெய்க்குக் கணக்குச் சொன்ன பிறகே உயிரெழுத்துகளுக்குப் போகலாம்.