இடிந்த தேவாலயத்துக்கும் மணற்காட்டுக்கும் தொகைச்சொல் கட்டுவது எப்படி?

தேவாலயத்தையோ காட்டையோ வருணிக்கும்போது ஆங்கிலக் கவிஞர்கள் இரண்டு மூன்று சொற்களைச் சிறுகோடு போட்டு இணைத்து, ஒரே அடைமொழியாக்கிவிடுவார்கள். அந்தக் கோட்டை அப்படியே தமிழுக்குக் கொண்டுவராதீர்கள். ‘உப்பு-ஊறிய சுவர்’ என்றால் மொழிபெயர்ப்பு வாடைதான் அடிக்கும். நமக்குத் தொகை இருக்கிறது: இடையில் வரவேண்டிய உருபையோ காலம் காட்டும் எழுத்தையோ மறைத்துச் சொற்களை ஒட்டவைப்பது. 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயத்தை வைத்துச் செய்து பார்ப்போம்.

படி 1: வினைகளைக் குறியுங்கள். ‘அழகிய’, ‘பாழடைந்த’ எல்லாம் வேண்டாம். அங்கே என்ன நடக்கிறது? பவளக்கல் உதிர்கிறது, சுவரில் உப்பு ஊறுகிறது, மணல் தவழ்கிறது. ஐந்தாறு கிடைத்தால் போதும்.

படி 2: காலம் காட்டும் பகுதியை வெட்டிவிட்டு, வினையடியைப் பெயரோடு சேருங்கள்: உதிர்கல், உப்பூறு சுவர், தவழ்மணல். இதுதான் வினைத்தொகை. உதிர்ந்த, உதிர்கிற, உதிரும் என மூன்று காலமும் அதற்குள் அடங்கும். சிதைவு இன்னும் முடியாத இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. நற்றிணை 284-ஆம் பாட்டில் ‘தேய்புரிப் பழங்கயிறு’ வருகிறது; இரு யானைகள் ஆளுக்கொரு பக்கம் பற்றி இழுக்க, புரி (முறுக்கிய இழை) தேயும் பழைய கயிறு. பாடியவருக்கே தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று அதுவே பெயராயிற்று. ‘தேய்ந்த’ என்று முடித்திருந்தால், இதோ அறுகிறது என்ற பதற்றம் போயிருக்கும்.

படி 3: ஒற்றெழுத்தைச் சரிபாருங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். வினைத்தொகையில் வல்லினம் மிகாது, அதாவது நடுவில் க், ச், த், ப் கூடுதலாக வராது. ‘உப்பூறுச் சுவர்’ பிழை. ஆனால் ‘வான்கூரைக் கோயில்’ என்பதில் ‘க்’ வேண்டும். வானைக் கூரையாக உடைய கோயில் என்று, ‘ஐ’ என்ற வேற்றுமை உருபும் ‘ஆக உடைய’ என்று பொருளை முடிக்கும் பயனும் அதில் மறைந்திருக்கின்றன. தேய்புரிப் பழங்கயிற்றையே மறுபடி பாருங்கள்: ‘தேய்’க்குப் பின் ஒற்றில்லை, ‘புரி’க்குப் பின் ‘ப்’ இருக்கிறது.

படி 4: உரக்கப் படியுங்கள். ‘நகர்மணல்’ நகரத்து மணலாகக் கேட்கும். தவழ்மணல் என்று மாற்றுங்கள். ‘உப்பரி சுவர்’ உப்பரிகையை நினைவூட்டிக் கெடுக்கும், அதனால்தான் ‘உப்பூறு’.

படி 5: அளவு. ஒரு தொகையில் மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம், ஒரு பத்திக்கு ஒன்று போதும். பயனிலை எளிமையாக இருக்கட்டும்: ‘உப்பூறு சுவரில் சன்னல் வளைவு மட்டும் நிற்கிறது.’ ‘தவழ்மணல் சூழ் உப்பூறு சுவர் வான்கூரைக் கோயில்’ என்று அடுக்கினால் மணலும் தெரியாது, சுவரும் தெரியாது. பிரித்து, அடுத்தடுத்த பத்திகளில் வையுங்கள்.