குளிர்பெட்டிக்குச் சொல்லும் முன் ப்ளக் பாயின்ட்டைப் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஒரு துக்கம் என்றால் மகன் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும், மகள் சென்னையிலிருந்து வர வேண்டும். அதுவரை உடலை வைக்க வாடகைக் குளிர்பெட்டிதான். பெட்டிக்குப் போன் போடும் முன் வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில், ப்ளக் பாயின்ட் எங்கே இருக்கிறது, அதில் எர்த் உண்டா என்று பாருங்கள். நம் பழைய வீடுகளில் ஒயரிங்கும் பழசுதானே. எங்கள் அப்பத்தா இறந்த அன்று பெட்டியைப் போட்டதுமே ஃப்யூஸ் போய்விட்டது. அப்புறம் முகப்பிலிருந்து ஒயர் இழுத்து, வந்தவர்கள் கால் தடுக்காமல் இருக்கத் தரையோடு டேப் ஒட்டி, பெரும்பாடு. வீட்டு இன்வெர்ட்டரை நம்ப வேண்டாம். கரண்ட் போனால் ஜெனரேட்டர் கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மூடியையும் அடிக்கடி திறக்க விடாதீர்கள்.

கண் தானம் என்றால் இறந்த 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். ஃபேனை நிறுத்தி, இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி வையுங்கள்.

சரி, இறப்புப் பதிவு. 21 நாட்களுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. பெயரை ஆதாரில் உள்ளபடியே எழுதிக் கொடுங்கள். நம் பக்கம் முதலெழுத்துக்குப் பஞ்சமா? பத்திரத்தில் 'ராம.அழ.', பாங்க் பாஸ்புக்கில் வெறும் 'அழ.' என்று இருக்கும். பிறகு வாரிசுச் சான்றிதழுக்குப் போகும்போது அந்த ஒரு 'ராம.'வுக்காக நாலு நடை நடக்க வேண்டிவரும்.