உப்புக் காற்றில் பெடல்களைக் காக்க

பேஸ் கிதாரின் தடித்த ஈ (E) கம்பி எழுப்பும் 41 ஹெர்ட்ஸ் உறுமலை ஃபஸ் பெடல் (ஒலியை வேண்டுமென்றே முரடாக்கும், காலால் அழுத்தி இயக்கும் சிறு கருவி) வழியே கேட்பது தனி இன்பம். பாம்பன், மண்டபம் பக்கம் அதைக் கெடுப்பது உப்புக் காற்று. கரகரவென்று இரைச்சல் வந்தால் பெடல் போய்விட்டது என்று உடனே முடிவுகட்டாதீர்கள். முதலில் கேபிளின் ஜாக் பின்னை, அதாவது செருகும் உலோக முனையைப் பாருங்கள். மங்கியோ பச்சை படிந்தோ இருந்தால், மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் பளிச்சென்று ஆகும்வரை துடையுங்கள். காய்ந்ததும் பெடலில் நாலைந்து முறை செருகி எடுங்கள். உள்தகட்டு அழுக்கும் உரசிப் போகும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், தூசியை இழுத்துக்கொள்ளும்.

வாசித்து முடித்ததும் கிதார் கேபிளைப் பெடலிலிருந்து கழற்றிவிடுங்கள். பல பெடல்களில் அது செருகியிருக்கும்வரை 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். பிறகு, இறுக மூடும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வையுங்கள்.