ரத்தத்தில் எக்ஸோசோம் தேடுபவர்கள் எங்கே வழுக்குகிறார்கள்

எங்கள் பக்கத்துச் சமையலறைகளில் முன்பெல்லாம் அரிக்கன்சட்டி என்று ஒன்று இருக்கும். உட்புறம் வரிவரியாகக் கோடு போட்ட மண்சட்டி. அரிசியைத் தண்ணீரோடு அதில் போட்டு ஆட்டி ஆட்டி அடுத்த பாத்திரத்தில் சரித்தால் அரிசி போய்விடும், கல் வரிகளில் தங்கிவிடும். இந்த வேலையைச் சல்லடை செய்யாது. கல்லும் அரிசியும் ஒரே அளவு, அடர்த்திதான் வேறு. நொய்யைப் பிரிக்கவோ சல்லடைதான் வேண்டும், சட்டி உதவாது. தஞ்சாவூரில் எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு எக்ஸோசோம் பிரிப்பதை நான் இந்தச் சட்டியிலிருந்துதான் தொடங்குவேன்.

எக்ஸோசோம் என்பது செல் தனக்குள்ளே உருவாக்கி வெளியே விடும் நுண்பை. அளவு சுமார் 30 முதல் 150 நானோமீட்டர். 1983இல் முதிராத சிவப்பணுக்களில் இதைக் கண்டார்கள். செல் தனக்கு வேண்டாததைக் கொட்டும் வழி என்றுதான் முதலில் நினைத்தார்கள். பிறகுதான் இதற்குள் புரதமும் ஆர்என்ஏவும் ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்குப் பயணம் போவது தெரிந்தது.

ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களின் வளர்ப்புக் கரைசலிலிருந்து பிரிப்பது ஒரு வேலை. ரத்தத்திலிருந்து பிரிப்பது முற்றிலும் வேறு வேலை. ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் லிப்போபுரோட்டீன்கள் இந்த நுண்பைகளைவிடப் பல மடங்கு அதிகம். அதில் ஹெச்டிஎல், அடர்த்தியில் எக்ஸோசோமோடு ஒத்துப்போகும், ஆனால் அளவில் மிகச் சிறியது. விஎல்டிஎல்லும் கைலோமைக்ரானும் அளவில் ஒத்துப்போகும், ஆனால் அடர்த்தி குறைவு. அதாவது சல்லடை மட்டும் போட்டால் ஒன்று கூடவே வரும், வெறுமனே அரித்தால் இன்னொன்று வரும். ஒரே முறையில் சுத்தமாக வந்துவிட்டது என்று நம்புவதுதான் இந்தத் துறையின் மூலத் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதற்கு முன்பே, ஊசி குத்தும் இடத்திலேயே நடந்துவிடுகின்றன.

திருவையாறு பக்கம் ஒரு கிராமத்தில் காலை முகாம் போட்டிருந்தோம். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தோம். "டீத்தண்ணிதான் தம்பி குடிச்சேன், வேற ஒண்ணும் இல்ல" என்றார் ஒரு பாட்டி. சரி என்று எடுத்துவிட்டோம். சுழற்றிப் பார்த்தால் பிளாஸ்மா அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கியிருந்தது. திரும்பக் கேட்டபோதுதான் டீயோடு இரண்டு வடையும் போனது தெரிந்தது. அவர் மேல் தப்பில்லை. நாற்று நடவுக்குப் போகிறவரை எட்டரை மணி வரை பட்டினி போட்ட நம் மேல்தான் தப்பு. சாப்பிட்ட பின் ரத்தத்தில் ஏறும் கைலோமைக்ரான்கள் உங்கள் எண்ணிக்கையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆறு மணிக்கே ரத்தம் எடுத்து முடித்து, அங்கேயே சாப்பாடு கொடுத்து அனுப்புவதுதான் நடைமுறையில் சரிப்பட்டு வருகிறது.

அடுத்தது டியூப். சிவப்பு மூடி டியூப்தான் கைக்கு எளிதாகக் கிடைக்கும். ஆனால் சீரம் வேண்டி ரத்தத்தை உறையவிட்டால், உறையும்போதே தட்டணுக்கள் (பிளேட்லெட்டுகள்) தங்கள் நுண்பைகளைக் கொட்டிவிடும். நீங்கள் அளப்பது நோயாளியின் உடலில் இருந்ததை அல்ல, டியூபுக்குள் பிறந்ததை. அதனால் பிளாஸ்மாதான் நல்லது. பச்சை மூடி ஹெப்பாரின் டியூபைத் தொடாதீர்கள், பின்னால் பிசிஆரைக் கெடுக்கும். சிட்ரேட் அல்லது ஈடிடிஏ எடுங்கள், எதை எடுத்தாலும் கடைசி நபர் வரை அதையே எடுங்கள். மெல்லிய ஊசி வலிக்காது என்பது உண்மைதான், ஆனால் சிவப்பணு உடையும். 21 கேஜ் போதும். கையில் கட்டிய பட்டையை ரத்தம் வரத் தொடங்கியதும் தளர்த்திவிடுங்கள். முதல் டியூபை வேறு பரிசோதனைக்கு ஒதுக்குங்கள்.

அப்புறம் ஐஸ். "சாம்பிள் என்றால் ஐஸ்" என்று கை பழகிவிட்டது. முழு ரத்தத்தை ஐஸில் வைத்தால் தட்டணுக்கள் குளிரில் தூண்டப்பட்டு அதே வேலையைச் செய்யும். அறை வெப்பநிலை என்று எழுதியிருந்தால் அது ஏசி அறையின் 20 முதல் 24 டிகிரி. சித்திரைக் கடைசியில் திருவாரூர் பேருந்து நிலையத்தின் வெப்பநிலை அல்ல. தெர்மாகோல் பெட்டியில், ஏசி அறையில் ஒரு இரவு கிடந்த தண்ணீர் பாட்டில்களை அடுக்கி, டியூபை நிமிர்த்தி வைத்துக் கொண்டுவருவோம். வேதாரண்யத்திலிருந்து பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு வந்த டியூபை நான் ஏற்றுக்கொள்வதில்லை. குலுக்கலும் தட்டணுக்களைத் தூண்டும். சின்ன சென்ட்ரிஃபியூஜ் ஒன்றை முகாமுக்கே எடுத்துப்போவது இந்த வம்பெல்லாம் இல்லாத வழி.

முதல் சுழற்று 2,500 ஜி (புவியீர்ப்பைப் போல் 2,500 மடங்கு விசை), 15 நிமிடம். மேலே உள்ள பிளாஸ்மாவை எடுக்கும்போது வெள்ளணுப் படலத்துக்கு மேல் ஒரு சென்டிமீட்டரை விட்டுவிட வேண்டும். இங்கே கஞ்சத்தனம் பார்ப்பவர்கள்தான் அதிகம். எடுத்ததை மறுபடி அதே அளவில் ஒருமுறை சுழற்றி, அடியில் இருப்பதை விட்டுவிட்டு, அதன் பிறகே உறைய வையுங்கள். தட்டணுவோடு உறைந்த பிளாஸ்மாவை உருக்கினால் உடைந்த தட்டணுத் துண்டுகள்தான் மிஞ்சும், அதைப் பிறகு சரிசெய்ய வழி இல்லை.

ஜி என்று எழுதியதைச் சுற்று எண்ணிக்கை என்று படிப்பது நகைச்சுவை போலத் தோன்றும், ஆனால் ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்க்கிறேன். சுழல் ஆரம் 10 சென்டிமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 10,000 சுற்று ஏறக்குறைய 11,180 ஜி. 7 சென்டிமீட்டர் என்றால் 7,830தான். நுண்பைகளை அடியில் இறக்கும் அதிவேகக் கருவியான அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜில், டியூபைத் தாங்கிச் சுழலும் ரோட்டரின் பெயரையே எழுதாமல் "1,00,000 ஜி, 70 நிமிடம்" என்று மட்டும் எழுதிவைத்தால் அடுத்து வருபவருக்குப் பயன்படாது. பிளாஸ்மா கெட்டியானது, பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலைச் சேர்த்து இளக்காமல் சுழற்றினால் நுண்பைகள் சரியாக அடியில் இறங்காது. அடியில் படிவது பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. அதனால் டியூபின் வெளிப்பக்கத்தில் முன்பே மார்க்கரால் குறி போடுங்கள்.

அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் இல்லாத கல்லூரிகள், நுண்பைகளைக் கரைசலிலிருந்து வீழ்படிவாக்கும் பாலிமர் கிட்டை வாங்கிவிடும். ஒரு மாணவி, "சார், நிறைய வந்திருக்கு!" என்று ஓடிவந்தாள். நிறைய வந்திருந்தது, அதில் பெரும்பகுதி ரத்தத்தின் சாதாரணப் புரதமான அல்புமின். இந்தக் கிட் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை, கரைசலில் இருப்பதைத் தள்ளி வீழ்த்துகிறது, அவ்வளவுதான். அதே பணத்துக்கு நுண்துளை மணிகள் கொண்டு அளவுவழிப் பிரிக்கும் குழாய் (column) ஒன்றை நிரப்பிக்கொள்ளலாம். சல்லடை என்று சொன்னேன், ஆனால் இந்தச் சல்லடையில் பெரியது முதலில் வெளியே வரும், சிறியது மணிகளின் துளைக்குள் நுழைந்து தாமதமாக வரும். நுண்பை வரும் பங்கைக் கொஞ்சம் தாண்டிச் சேகரித்தாலும் புரதம் கலந்துவிடும், ஆசையை அடக்க வேண்டும். இதோடு அடர்த்திச் சரிவு (அடர்த்தி படிப்படியாக மாறும் கரைசலில் சுழற்றுவது) ஒன்றையும் சேர்த்தால்தான் அரிக்கன்சட்டி வேலையும் முடியும்.

துகள் எண்ணும் கருவி ஒளிச்சிதறலைப் பார்க்கிறது. லிப்போபுரோட்டீனா, நுண்பையா, பிபிஎஸ்ஸில் இருந்த உப்புத் துகளா என்று அதற்குத் தெரியாது. வெறும் பிபிஎஸ்ஸை எல்லாப் படிகளிலும் ஓட்டிக் கடைசியில் எண்ணிப் பாருங்கள், தூக்கம் போய்விடும். ஒரு மைக்ரோகிராம் புரதத்துக்கு 3,000 கோடி துகள் இருந்தால் சுத்தம் என்று ஒரு கணக்கு புழங்குகிறது. ரத்தத்தில் லிப்போபுரோட்டீனும் துகளாகவே எண்ணப்படுவதால் இந்த விகிதம் பொய்யாக உயரும். நுண்பையின் அடையாளப் புரதங்களான சிடி63, சிடி81, டிஎஸ்ஜி101 இருக்கிறதா என்று வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதம் கண்டறியும் சோதனை) பார்ப்பதோடு, லிப்போபுரோட்டீனின் புரதங்களான அபோஏ1, அபோபி, கூடவே அல்புமின் எவ்வளவு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

மைனஸ் 80 டிகிரியில் வைப்பதைச் சின்னச் சின்னப் பங்காக வையுங்கள், ஒன்றை இரண்டு முறை உருக்காதீர்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது டெல்டாவில் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஃப்ரீசரின் வெப்பநிலையை யாராவது எழுதிவைக்கிறார்களா என்று இப்போதே கேளுங்கள்.

இன்னொன்று, பெயர். செல்லுக்குள்ளிருந்து எந்த வழியாக வந்தது என்று காட்டாதவரை "எக்ஸோசோம்" என்று உரிமை கொண்டாடாமல் "செல்வெளி நுண்பைகள்" என்றே எழுதுங்கள் என்கின்றன 2018, 2023 சர்வதேச வழிகாட்டுதல்கள். ஆய்வுத் தலைப்பில் "எக்ஸோசோம்" என்று ஏற்கெனவே பதிந்துவிட்டால், எந்த அளவு, எந்த அடர்த்தி, எந்தப் புரதம் பார்த்தோம் என்பதை முறைகள் அத்தியாயத்தின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். வைவாவில் முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும்.