மிர்-155 ஷிப்-1ஐ அடக்குகிறதா? சோதிக்கும் முறை

பெரிய பி-செல் லிம்ஃபோமா என்ற ரத்தப் புற்றுநோய் பலவற்றில், மரபணுக்களை அடக்கும் குட்டி ஆர்என்ஏவான மிர்-155 எக்கச்சக்கமாக இருக்கும். அது ஷிப்-1 என்ற மரபணுவை அடக்குகிறது. செல்லை வளரத் தூண்டும் ஏகேடி சமிக்ஞைக்குப் பிரேக் போடுவது இந்த ஷிப்-1தான். இதை நீங்களே சோதிக்க நினைத்தால், கணினி தரும் இலக்குப் பட்டியலை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

முதலில் ஷிப்-1 எம்ஆர்என்ஏவின் (மரபணுவிலிருந்து புரதம் செய்ய எடுக்கும் நகல்) 3' முனைப் பகுதியில், அதாவது அதன் வால் பகுதியில், 'ஏஜிசிஏயுயுஏ' என்ற ஏழு எழுத்துகளைத் தேடுங்கள். மிர்-155இன் 2 முதல் 8 வரையுள்ள எழுத்துகள் ஒட்டுவது அங்கேதான். அந்தப் பகுதியை, ஒளி தரும் புரதமான லூசிஃபெரேஸின் மரபணுவுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்மிட்டில் (வட்ட டிஎன்ஏ) இணைத்து, மிர்-155ஓடு ஆய்வகத்தில் வளர்க்கும் ஹெக்-293 செல்லுக்குள் செலுத்துங்கள். ஒளி குறைந்தால் நல்ல அறிகுறி.

சரி, அத்தோடு கொண்டாட வேண்டாம். அந்த ஏழில் மூன்று நான்கு எழுத்துகளை மாற்றிய இன்னொரு பிளாஸ்மிட் கட்டாயம் வேண்டும். அதில் ஒளி மீண்டும் ஏறினால்தான் உங்கள் பேச்சு எடுபடும். ஒப்பீட்டுக்காகக் கூடவே செலுத்தும் ரெனில்லா என்ற இன்னொரு லூசிஃபெரேஸின் ஒளி அளவால் வகுக்கவும் மறக்காதீர்கள்.

அப்புறம் புரதம். நான் ஒரு வாரம் முழுக்க ஹெக் செல்லிலேயே வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) ஷிப்-1 பட்டையைத் தேடினேன். வெறும் வெள்ளை! ஷிப்-1 பெரும்பாலும் ரத்த வகைச் செல்களில் இருப்பது. ஹெக்கோ சிறுநீரகத்திலிருந்து வந்தது. ஆகவே மிர்-155 மிகுந்த லிம்ஃபோமா செல்லை எடுத்து, மிர்-155ஐத் தடுக்கும் எதிர்-மிர்-155ஐ மின்துடிப்பால் உள்ளே செலுத்துங்கள். இவ்வகைச் செல்கள் மிதந்து வளர்பவை, ஆர்என்ஏவைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் கொழுப்புக் கலவைக்கு எளிதில் மசியாது. 48 மணி நேரம் கழித்து வெஸ்டர்ன் பிளாட்டில் ஷிப்-1 கூடி, பாஸ்பேட் ஏறிய (அதாவது செயல்படும்) ஏகேடி குறைகிறதா பாருங்கள்.